பொன்ராஜ் ஆஜர்

பொன்ராஜ் இறந்து நாற்பதாம் நாள் ஒரு புதன்கிழமையாக அமைந்தது. அன்று காலை பத்து மணிக்கு, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்கு வெளியே வயல் நடுவில் முழுக்கக் கண்ணாடியால் கட்டிய பசுமைத் தொழில்நுட்ப முனைவோர் வளர்ப்பு மையத்தின் மாடியறையில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"பொன்ராஜ்?"

காலியான அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவனுடைய கூட்டாளி பாவா. ஒரு வழியாக எழுந்து நின்றார்.

"அவரு தவறிப் போயிட்டாருங்க. போன மாசமே சொன்னேனுங்களே."

"கம்பெனி சார்பா யாராச்சும் எழுந்து நின்னாப் போதும் சார்" என்றாள் ஆஜர் எடுத்த அதிகாரி ஷஹானா. கையிலிருந்த பலகையில் ஒரு டிக் போட்டாள். "பொன்ராஜ் ஆஜர்."

பாவா அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலமடையில் மூன்று தலைமுறையாக மாம்பழம் வாங்கி விற்கிற குடும்பம் அவருடையது. ஐம்பத்திரண்டு வயதில் எத்தனையோ விதமான பொய் கேட்டிருக்கிறார். பிஞ்சைப் பழம் என்பார்கள், அழுகலை நாட்டு ரகம் என்பார்கள். ஆனால் செத்தவனை வந்திருக்கிறான் என்று பட்டப்பகலில், ஏசி அறையில், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொல்வதை அன்றுதான் கேட்டார்.

அந்த அறையில் இருபத்திரண்டு நாற்காலிகள். ஆள் இருந்தது பத்தில்தான். பொன்ராஜுடையது போக மற்றவை கம்பெனியை நல்லபடியாக விற்றுவிட்டுப் போனவர்களுடையவை. மரியாதைக்காக அவர்களுடைய பெயர்ப் பலகையை எடுக்காமல் வைத்திருந்தார்கள். போனவர்களில் இரண்டு பேர் பெங்களூரில் என்று கேள்வி, மற்றவர்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஏசி காற்றில் அந்தப் பலகைகள் மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். மையத்தின் கட்டிடத்தில் எல்லாமே பசுமை. கரண்ட் போனால் மட்டும் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் உறுமும்.

மையத்தின் ஒரே வேலை எக்ஸிட். சின்னக் கம்பெனியைக் கஷ்டப்பட்டு வளர்த்து, பெரிய கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்; அதுதான் எக்ஸிட். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி என்று பாவா ஆரம்பத்தில் நினைத்துக்கொண்டார். கட்டிக்கொடுத்த பெண் பெருநாளைக்காவது வீட்டுக்கு வருமே என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பாவாவும் பொன்ராஜும் சேர்ந்து வைத்த கம்பெனி என்றால் பெரிதாக எதுவும் இல்லை, ஒரு பெட்டி. ஆட்டோரிக்ஷாவைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே நாலு சோலார் பலகை. பகலில் வெயில் அடிக்க அடிக்க உள்ளே பனிக்கட்டி உறையும், ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் நாற்பது கூடைப் பழம் அலுங்காமல் இருக்கும். மூணாறு பக்கம் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த பொன்ராஜ் செய்தது. இலையை வாட்டுகிற மெஷினோடு பதினைந்து வருஷம் மல்லுக்கட்டியவன், பழம் வாடாமல் இருக்க ஒரு பெட்டி செய்தான். இடம் கொடுத்ததும் பழம் கொடுத்ததும் பாவா. சுற்றியிருந்த முப்பது தோப்புக்காரர்கள் அதை நம்பித்தான் இரண்டு சீசன் பழம் பறித்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் கூடையை எடுத்துவிட்டுக் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பொன்ராஜ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் தன் குரலையே பதிவு செய்து ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பெட்டிக்குள் மாட்டிவிட்டான். கதவு திறந்து அரை நிமிஷம் ஆனால் போதும், ஆரம்பித்துவிடும்: "எப்பா, கதவச் சாத்துங்கப்பா. குளிரு பூரா வெளிய போவுது. பழம் அழுவிப் போயிரும்ல."

மையத்தில் சேர்ந்து நாலாவது மாசம், முதலீட்டாளர் முன்னால் சிரிப்பது எப்படி என்ற பயிற்சிக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்புகையில், உடுமலை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டான் பொன்ராஜ். முப்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்டக்டர் பார்த்தாராம்.

அதற்கப்புறம் மாசாமாசம் முதல் ஞாயிற்றுக்கிழமை முருகேஸ்வரி வர ஆரம்பித்தாள். பொன்ராஜின் மனைவி, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறி முதலமடைக்கு வருவாள். பெட்டியின் கதவைத் திறப்பாள். ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு முன்னால் உட்காருவாள். அரை நிமிஷத்தில் புருஷன் பேசுவான். சாத்துங்கப்பா, சாத்துங்கப்பா என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் சாத்த மாட்டாள். பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்துவாள். அந்தப் பத்து நிமிஷமும் குளிர் போகும்தான். முப்பது தோப்புக்காரர்களில் ஒருத்தர்கூட வாய் திறந்ததில்லை. பாவா தராசைத் துடைக்கிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"இத மட்டும் இங்கேருந்து எடுத்துராதீங்கண்ணே" என்றாள் ஒருநாள்.

"எம் மூச்சு இருக்கிற வரைக்கும் இது இங்கதான் இருக்கும் தாயி" என்றார் பாவா.

அந்த வார்த்தையைத்தான் மையம் எப்படிக் காப்பாற்றியது என்று சொல்ல வந்தேன்.

பாவா மரண சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ஷஹானாவிடம் போனார். பாலக்காட்டுக் கடைவீதிக் குடும்பத்துப் பெண். பக்கத்தில் ஆளில்லாவிட்டால் மாமா என்பாள், ஆள் இருந்தால் சார். அன்று ஆளில்லை.

"மாமா, கம்ப்யூட்டர்ல நிறுவனருக்கு ரெண்டே கட்டம்தான். ஒண்ணு, பணியில் உள்ளார். இன்னொண்ணு, ராஜினாமா செய்தார்."

"ராஜினாமான்னே போடும்மா."

"அதுக்கு அவரே நேர்ல வந்து ஒப்பு போடணும், கையெழுத்து."

"வரமாட்டாரேம்மா."

"அப்ப பணியில் உள்ளார்தான் மாமா." அவளுக்கே முகம் சின்னதாகிவிட்டது. "மேல எழுதிக் கேட்டிருக்கேன். ஒரு நிறுவனர் இறந்தா எக்ஸிட் வாய்ப்பு பாதிக்கும், அதனால நிறுவனர்கள் இறப்பதை மையம் ஊக்குவிக்கறதில்லைன்னு பதில் வந்துச்சு."

அதோடு போயிற்றா? பொன்ராஜுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு வழிகாட்டியை நியமித்தார்கள். அவர் கம்ப்யூட்டர் வழியாக ஒரு மணி நேரம் பொன்ராஜுக்குப் புத்தி சொன்னார். திரையில் பொன்ராஜின் பெயர் மட்டும் கறுப்புக் கட்டத்தில் இருந்தது. முடிந்ததும் வழிகாட்டி அறிக்கை அனுப்பினார்: அபாரமான பொறுமை, குறுக்கே பேசுவதே இல்லை, முதிர்ச்சியான ஆள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. பாவாவுக்கும் அதே வழிகாட்டிதான். பாவா, "ஏனுங்க, இன்னும் பத்துப் பெட்டி செய்ய எப்ப வழி பண்ணுவீங்க?" என்று மூன்று தடவை கேட்டதால் நாற்பத்தொன்று.

மையத்தின் டைரக்டர் பாண்டீஸ்வரன் பாவாவைக் கூப்பிட்டுவிட்டார். சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர்.

"பாவா சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க பொன்ராஜைப் பார்த்துக் கத்துக்கணும். எந்தக் கூட்டத்துலயாவது அவர் ஒரு சங்கடமான கேள்வி கேட்டிருக்காரா? வேலைல அப்படி ஒரு நிதானம்."

"அவரு செத்துட்டாருங்க."

"அது அவரோட தனிப்பட்ட விஷயம். நாம தொழிலைப் பத்திப் பேசுவோம்."

அந்த வருஷம் சிறந்த நிறுவனர் விருது பொன்ராஜுக்குக் கிடைத்தது. பொன்ராஜுக்கு வருகிற தகவலெல்லாம் பாவாவின் போனுக்குத்தான் வரும். அவனுக்கென்று தனி போன் எண் கொடுத்திருக்கவில்லை. காலையில் பல் விளக்கும்போதே வந்துவிடும்: வணக்கம் பொன்ராஜ், இன்றும் உற்சாகமாக இருக்கிறீர்களா? பாவா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய் கொப்பளிப்பார். புதன்கிழமைகளில் பக்கத்து நாற்காலிக்குக் கால் படாமல் ஒதுங்கி உட்கார ஆரம்பித்தார். மற்றவர்களும் அந்த நாற்காலியில் பை மாட்ட மாட்டார்கள். எல்லோருக்கும் டீ வரும்போது அங்கேயும் ஒன்று வைப்பார்கள். அது ஆறி, ஆடை படிந்து, கூட்டம் முடிகிற வரை அப்படியே இருக்கும். ஒருநாள் கரண்ட் போய் இருட்டானபோது, "பொன்ராஜு, பயப்படாத, இப்ப வந்துரும்" என்று பாவா தன்னையறியாமல் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

இப்படி ஒரு வருஷம் போன பிறகு, மார்கழிக் கடைசியில் பெட்டியை வாங்க ஒரு பெரிய குளிர்பதனக் கம்பெனி வந்தது. பேரை வெளியே சொல்லக் கூடாதென்று பாவாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், அதனால் நானும் சொல்லவில்லை. பளபளக்கிற ஷூவோடு இரண்டு பேர் முதலமடைப் புழுதியில் இறங்கினார்கள். டைரக்டர் கதவைத் திறந்து காட்டினார். அரை நிமிஷத்தில் பொன்ராஜ் பேசினான்.

"யார் இது?"

"நிறுவனர் சார்" என்றார் டைரக்டர். "இருபத்துநாலு மணி நேரமும் இங்கேயேதான்."

பாவாவால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, அவரு இறந்துட்டாருங்க. ஒண்ணேகால் வருசமாச்சுங்க."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டைரக்டர் கொஞ்சமும் அசரவில்லை.

"அதுதான் சார் இந்தக் கம்பெனியோட பலமே. வாங்கினதுக்கப்புறம் நிறுவனர் விட்டுட்டுப் போயிடுவாரோ, போட்டியா இன்னொண்ணு ஆரம்பிச்சிடுவாரோன்னு எல்லாரும் பயப்படறாங்க. இவர் எங்கேயும் போகமாட்டார். சம்பள உயர்வு கேக்கமாட்டார். உங்க முடிவு எதையும் எதிர்க்கமாட்டார்."

வந்தவர்களில் மூத்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

ஒப்பந்தம் தயாரானது. பொன்ராஜ் விற்பனைக்குப் பின்னும் மூன்று வருஷம் கம்பெனியில் நீடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பாவா நீடிக்கத் தேவையில்லை என்றும் இருந்தது. நாற்பத்தெட்டுப் பக்கம், அவ்வளவும் இங்கிலீஷ். பாவாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் கற்ற வியாபாரம் வேறு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி, துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசிவிட்டால் முடிந்தது. தோப்பே அப்படிக் கைமாறியிருக்கிறது. வாயால் சொன்னதை மாற்றலாம், காகிதத்தைக் கிழிக்கலாம். துண்டுக்குள் அழுத்திய விரலை யாரும் மறுத்துப் பேசி அவர் பார்த்ததில்லை.

எனவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்து டைரக்டரின் கைமேல் போட்டார். உள்ளே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார்.

"இந்த சீசனுக்குள்ள நூறு பெட்டி. ஊரு பூரா தோப்புக்கு ஒண்ணு."

டைரக்டர் திருப்பி அழுத்தினார்.

பாவா இரண்டாவது விரலைப் பிடித்தார். "இந்தப் பெட்டி முதலமடைய விட்டு அசையக் கூடாது."

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் பலமாக அழுத்தினார். பாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிஸ்மில்லா சொல்லி நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மாசி பிறக்கவும் தோப்புகளில் முதல் பழம் பறிக்க ஆரம்பித்தார்கள். நூறு பெட்டி வரவில்லை. ஒரு லாரி வந்தது. கிரேன் போட்டு இருந்த ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏற்றும்போது கதவு திறந்துகொண்டது. சித்தூர் ரோடு திரும்புகிற வரைக்கும் பொன்ராஜ் சாத்துங்கப்பா, சாத்துங்கப்பா என்று சொல்லிக்கொண்டே போனான். சுமைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

பாவா மையத்துக்கு ஓடினார்.

"துண்டுக்குள்ள சொன்னீங்களேங்க!"

"துண்டா?" டைரக்டர் யோசித்துப் பார்த்தார். "ஓ, அதுவா! உங்க மார்க்கத்துல நல்ல காரியத்துக்கு முன்னால செய்ற துஆன்னு நினைச்சேன் சார். நானும் மனசார வேண்டிக்கிட்டேன்." பொய்யில்லை. மனிதர் உண்மையிலேயே வேண்டியிருக்கிறார்.

"நூறு பெட்டி?"

"அந்தக் கம்பெனிக்குப் பெட்டி வேண்டாம் சார். அவங்க ஆண்டறிக்கைல பசுமையா ஒரு பக்கம் இல்லாம இருந்துது. இப்ப வந்திருச்சு. உங்க பெட்டியோட போட்டோ முழுப் பக்கத்துக்கு!"

முதல் ஞாயிறு வந்தது. அன்றைக்கேதான் எக்ஸிட் விழாவும். அழைப்பிதழில், நிறுவனர் பொன்ராஜ் குடும்பத்துடன் வருகிறார் என்று அச்சடித்திருந்தார்கள். பாவா போனில் முருகேஸ்வரியிடம் விழாவைப் பற்றி மட்டும் சொன்னார், பெட்டியைப் பற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. அவள் வழக்கம்போல் முதலமடையில் இறங்கி, வழக்கம்போல் கூடையைக் கவிழ்த்தாள். எதிரே பெட்டியின் நாலு கால் பதிந்த தடம் மட்டும் மண்ணில் இருந்தது. பக்கத்தில் மூன்று நாள் பழம் குவியலாக அழுகிக் கிடந்து ஈ மொய்த்தது.

"நான் ஏமாந்துட்டேன் தாயி" என்றார் பாவா. "சொன்ன சொல்லக் காப்பாத்தல. என்னைய எது வேணாலும் கேளு."

அவள் குனிந்தாள். குவியலைக் கிளறி, கெடாத பழமாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "எங்க வச்சிருக்காகளோ, அங்க கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள்.

மையத்தின் முன்கூடத்தில், பளிங்குத் தரை நடுவே, வாங்கிய கம்பெனி காட்சிக்கு வைத்த பெட்டி நின்றது. வெயில் எட்டிப் பார்க்காத இடம். வெயிலில் ஓடுகிற மெஷினுக்கு ஒரு வயரைச் சொருகி, குரல் மட்டும் வருகிற மாதிரி வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோரும் பார்ப்பதற்காகக் கதவைப் பச்சை ரிப்பனால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பொன்ராஜ் காலையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தான்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"பசுமைத் தொழில் கம்பெனிகள் வெற்றிகரமா எக்ஸிட் ஆக எது உதவுதுன்னு மையம் மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கு. பதினாலு காரணங்களைச் சோதிச்சோம். காப்புரிமையா? இல்லை. அரசு மானியமா? இல்லை. பெரிய கம்பெனி உறவா? ஓரளவுக்கு. பொருள் நல்லா வேலை செய்யறதா? அதுக்கும் எக்ஸிட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடைக்கலை."

"எப்பா, கதவச் சாத்துங்கப்பா" என்றான் பொன்ராஜ். கூட்டம் கை தட்டியது.

"நன்றி பொன்ராஜ்! கடைசில ஒரே ஒரு காரணம்தான் நின்னுது. நிறுவனர் எவ்வளவு குறைவா இருக்காரோ, எக்ஸிட் அவ்வளவு சுலபம். கேள்வி, பிடிவாதம், ஊர் பாசம், இதெல்லாம் உயிரோட இருக்கறவங்ககிட்ட இருக்கற குறைகள். பொன்ராஜ் இதைத் தாண்டிட்டார். அடுத்த அணி நிறுவனர்கள் இதை மனசுல வச்சுக்கணும். எல்லாரும் பொன்ராஜ் மாதிரி ஆகணுங்கறதுதான் என் ஆசை."

முன்வரிசையில் புது அணியினர் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். ஒருத்தன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான், திரும்பி வரவில்லை. ஷஹானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குளிரு பூரா வெளிய போவுது" என்றான் பொன்ராஜ். "பழம் அழுவிப் போயிரும்ல."

"உள்ள பழமே இல்லியேண்ணே" என்றாள் முருகேஸ்வரி மெல்ல. "இல்லாத பழத்துக்கு இன்னும் எத்தன நாளைக்கு இவுகள இப்படிக் கத்த விடுவாக?"

"மூணு வருசம்னு எழுதியிருக்கு தாயி."

அவள் எழுந்தாள். ஒன்றேகால் வருஷமாக அந்தக் குரலைக் கேட்பதற்காகவே கதவைத் திறந்து வைத்தவள், நேராகப் போய் ரிப்பனை அவிழ்த்தாள். பையிலிருந்த மாம்பழத்தை எடுத்து உள்தட்டில் வைத்தாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள். பொன்ராஜின் குரல் நின்றது.

காவலாளி பெரியமுத்து ஓடிவந்தான். எலப்புள்ளிக்காரன், காடுகழனியை விற்றுக் காவலுக்கு வந்தவன். "அம்மிணி, தொறந்துதான் வெக்கோணும்னு ஆர்டருங்க."

"உள்ள பழம் இருக்குய்யா" என்றாள் முருகேஸ்வரி.

பெரியமுத்து கதவைப் பார்த்தான், மேடையைப் பார்த்தான். "பழம் இருந்தாச் சாத்தித்தானுங்க ஆகோணும்" என்று சொல்லிவிட்டு, கதவில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

பாவாவும் முருகேஸ்வரியும் வெளியே வந்து சித்தூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். வெயில் கொளுத்தியது. பாவாவின் போன் அடித்தது, மையத்திலிருந்து தகவல்: அன்புள்ள பொன்ராஜ், கடந்த இருபது நிமிடங்களாக உங்களிடமிருந்து பேச்சே இல்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? உடனே பதில் தரவும்.

இத்தனை நாளில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. பாவா படித்துக் காட்டினார். "என்னத்த எழுதறது தாயி?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. முருகேஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்துட்டாகன்னு போடுங்கண்ணே."